யார் பேரில் எழுதுவது?

கதை எழுதுகிறவனைத் தேடி ஊரார் கதைக்காக வருவதில்லை. மனு எழுதிக்கொள்ளத்தான் வருகிறார்கள். ஓசூரில் எங்கள் தெருவில் என் நாவல்களைப் படித்தவர்களை எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்களே மீந்துவிடும். ஆனால் நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களுக்குக் கணக்குக் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை என்று வருஷம் முழுவதும் ஏதாவது ஒன்று இருக்கும். பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்துவிட்டாலோ, வாசலில் செருப்புகளின் வரிசை நீண்டுவிடும். இப்போதெல்லாம் விண்ணப்பங்கள் கம்ப்யூட்டரில்தான் போகின்றன. ஆனால், "என்ன எழுதுவது?" என்ற கேள்வி மட்டும் இன்னும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அது என்னிடம்தான் வருகிறது.

இதில் எனக்கு வருத்தம் இல்லை, லாபம்தான். ஒரு குடும்பத்தின் கதை, விண்ணப்பத்தின் காலி இடங்களில் வெளிப்படுவதுபோல் வேறெங்கும் வெளிப்படுவதில்லை. 'ஆண்டு வருமானம்' என்ற இடத்துக்கு வந்ததும் மனைவி கணவன் முகத்தைப் பார்ப்பாள். கணவன் சுவரைப் பார்ப்பான். 'குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவரேனும் உண்டா?' என்ற இடத்தில், "யாரும் இல்லீங்க" என்று சொல்லும் குரலில் கொஞ்சம் கூச்சமும், இப்போதெல்லாம் கொஞ்சம் பெருமையும் கலந்து ஒலிக்கும். ஏனென்றால் அந்த 'இல்லை'க்கு இன்று ஒரு விலை உண்டு.

அந்த விலையை 2010-ல் நிர்ணயித்தது தமிழ்நாட்டுச் சர்க்கார். கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளை, சர்க்கார் நடத்தும் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்தார்கள். சாதி கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. தனியார் காலேஜாக இருந்தால் கட்டணம் முழுவதும் தீர்ந்துவிடாது, ஒரு பங்குதான் குறையும். ஆனாலும் நான்கு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் சின்னத் தொகை அல்ல. பாட்டன், பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகிய எவரும் பட்டதாரி இல்லை என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்கவேண்டும். முக்கியமான விஷயம், இந்தச் சலுகை ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான்.

ஒரு வீட்டுக்கு ஒன்று என்று எதைக் கொடுத்தாலும் அங்கே ஒரு கதை பிறந்துவிடுகிறது.

எதிர் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு வாகன உறுப்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றைப் போல அவர்கள் வீட்டில் பேச்சுத் தெலுங்கு; பள்ளிக்கூடத்தில் தமிழ்; சந்தையில் கன்னடம். மூத்தவள் பெண், பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். இளையவன் பத்தாவது முடித்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். பெண் உள்ளே வராமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"சார், அந்த முதல் பட்டதாரி சர்டிபிகேட்டு வீட்டுக்கு ஒண்ணுதானாமே? அதை இப்போ இவளுக்கு எடுத்துட்டா, ரெண்டு வருஷம் கழிச்சுப் பையனுக்கு இல்லாமப் போயிடுமே!" என்றார் அவர்.

"பெண்ணை என்ன செய்வதாக உத்தேசம்?"

"பேக்டரியிலே பிளஸ் டூ முடிச்ச பெண்களையே எடுத்துக்கறாங்க சார். பஸ் உண்டு, சாப்பாடு உண்டு. இல்லேன்னா இங்கேயே கவர்ன்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கு. அங்கே ட்யூஷன் பீஸே கிடையாதுங்கறாங்க."

அவர் சொன்ன இரண்டும் உண்மைதான். கைபேசி உறுப்புகள் செய்யும் பெரிய ஆலைகள் வந்த பிறகு, ஓசூரைச் சுற்றிப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்பது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதை நான் இளக்காரமாக நினைப்பவன் அல்ல. சம்பளக் கவரைத் தன் கையால் வாங்குகிற பெண்ணை வீடு வேறு விதமாகத்தான் பார்க்கிறது. சர்க்கார் கலைக் கல்லூரியில் இளங்கலை படிப்பவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்பதும் மெய். பரீட்சைக் கட்டணமும் சில்லறைக் கட்டணங்களும்தான். ஆகவே அந்தத் தகப்பனார் கொடுமைக்காரர் அல்ல. கையில் ஒரே ஒரு சீட்டு இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறவர். அந்தக் கணக்கில் பெண்ணுடைய விருப்பத்துக்கு ஓர் இடம் போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

"நீ என்னம்மா படிக்க நினைக்கிறாய்?" என்று நிலைப்படியைப் பார்த்துக் கேட்டேன்.

"எலக்ட்ரானிக்ஸ், மாமா."

"எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?"

"கவர்ன்மெண்ட் ஸ்கூல்தான். ஆறாவதிலேருந்து அங்கேதான். தம்பிதான் இங்கிலீஷ் மீடியம். அவனுக்குத்தான் வேன் வரும்."

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் மிகக் குறைவாகவே சேருகிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்தது. காரணத்தை ஆராய நீதிபதி முருகேசன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையை ஒட்டி 2021-ல் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இந்தப் படிப்புகளில் 7.5 சதவீத இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்படும். மருத்துவத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு 2020-லேயே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சர்க்காரே செலுத்தும். மார்க் இல்லாமல் இடம் கிடையாது. ஆனால் போட்டி, தன்னைப்போலவே படித்து வந்தவர்களோடுதான்.

இவை தவிர, சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணுக்கு உயர்கல்வி முடிகிற வரையில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய பாங்கிக் கணக்கிலேயே விழுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இது. இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு நடந்துவந்த கல்யாண உதவித் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். தாலிக்குத் தங்கமாக இருந்தது, படிப்புக்குப் பணமாக ஆயிற்று. பையன்களுக்கும் அதே மாதிரி ஒரு திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

நான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழே தேவைப்படாமல் போகலாம் என்றும், 7.5 சதவீத ஒதுக்கீடு வீட்டுக்கு ஒன்று அல்ல, பிள்ளைக்கு ஒன்று என்றும் விளக்கினேன். தகப்பனார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "அப்போ, இவளுக்குச் செலவு பண்ணாம விட்டதுதான் இவளுக்கு நல்லதாப் போச்சா சார்?" என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். பதில் சொன்னது அவர் மனைவி.

"நல்லதாப் போகல்லே. நல்லதாப் போற மாதிரி அவ படிச்சா."

அந்த அம்மாள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு விண்ணப்பம் தானாகவே நிரம்பிவிட்டது. கலந்தாய்வில் கிருஷ்ணகிரிக்கு அப்பால் பர்கூரில், 1994-ல் தொடங்கிய சர்க்கார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு ஒன்றான அந்தச் சீட்டை அவள் தொடவில்லை.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். படிப்புக்கான உதவி எவ்வளவு என்று கேட்டால் போதாது; அது யார் பேரில் வருகிறது என்று கேட்கவேண்டும். குடும்பத்தின் பேரில் வருகிற உதவியைக் குடும்பம் தன் வழக்கப்படிதான் பங்கிடும். பிள்ளையின் பேரில் வருகிற உதவியைப் பங்கிட முடியாது. 'இவளா, அவனா?' என்ற கேள்வியையே அது எழவிடுவதில்லை.

சர்க்கார் கொடுக்கும் சலுகையிலேயே பேர் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், கடனில் எவ்வளவு செய்யும்! அதைச் சொல்வதற்கு ஓசூர் மிகப் பொருத்தமான ஊர். ஏனென்றால் இது எல்லையில் இருக்கிறது.

படிப்பதற்காக எல்லை தாண்டுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குத்தான் போனார். இன்றும் பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே காலேஜுகளுக்குப் பஞ்சம் இல்லை. 'பெங்களூரில் படித்தால் பெங்களூரிலேயே வேலை' என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வை ஒட்டிய சலுகைகள் எல்லாம் ஜூஜுவாடியோடு நின்றுவிடுகின்றன. அத்திப்பள்ளிப் பக்கம் கால் வைத்த பிள்ளைக்கு முதல் பட்டதாரியும் இல்லை, 7.5 சதவீதமும் இல்லை. சலுகை எல்லையில் நின்றுவிடும். கடன் மட்டும் எல்லை தாண்டும்.

தளி சாலையில் ரோஜா பயிரிடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் அப்படித்தான் ஒரு தனியார் காலேஜில் சேர்ந்தான். 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன். பாங்கிகள் கொடுக்கும் கல்விக் கடன், இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்த மாதிரித் திட்டத்தை ஒட்டியது. 4 லட்சம் வரை ஜாமீன் கேட்பதில்லை. கைப்பணமும் போடச் சொல்வதில்லை. 2015-ல் ஏற்பட்ட உத்தரவாத நிதிக்குப் பிறகு, ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஒன்று: தாயோ தகப்பனோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடவேண்டும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டியதில்லை. அப்புறம் 15 வருஷம் வரையில் கட்டலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணைதான் காத்திருக்கிறதே தவிர வட்டி காத்திருப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 1 லட்சமாக நான்கு வருஷத்தில் 4 லட்சம் வாங்குகிறான்; வட்டி 10 சதவீதம், அதுவும் தனி வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. ஆக 1,40,000 ரூபாய். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய் வேண்டும்.

இந்தக் காத்திருக்கும் கால வட்டியைச் சர்க்காரே கட்டிவிடும் ஏற்பாடு ஒன்றும் 2009 முதல் இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும், தொழிற்கல்வியாக இருக்கவேண்டும், காலேஜுக்கு உரிய தர அங்கீகாரம் வேண்டும், வருமானச் சான்றிதழைப் பாங்கியில் சேர்க்கவேண்டும். அது கிடைத்தால் மேற்படி கணக்கில் 1,40,000 ரூபாய் மறைந்து, தவணை 5,300-க்குள் இறங்கிவிடும். ஒரு சான்றிதழுக்குப் பத்து வருஷத்துக்கு மாதம் 1,800 ரூபாய் மதிப்பு! இதற்கு மேலாக, 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், வருமானம் 8 லட்சம் வரையில் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வரையான கடனில் வட்டியில் 3 சதவீதம் குறைகிறது. ஆனால் அது தர வரிசையில் முன்னே நிற்கும் கல்வி நிலையங்களில் சேர்ந்தவர்களுக்குத்தான்.

ரோஜாத் தோட்டக்காரர் அந்தச் சான்றிதழைச் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே அவர் கேள்விப்பட்டதில்லை. பையன் பாஸ் செய்தான். பெங்களூரில் ஒரு வருஷம் அலைந்தான். கடைசியில் திரும்பி வந்து சிப்காட்டில் காண்டிராக்டில் சேர்ந்தான். அங்கே அவன் பக்கத்தில் நின்று அதே வேலை செய்கிறவர் ஐ.டி.ஐ. படித்தவர். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான், கடன் ஒருவருக்குத்தான். காண்டிராக்ட் முடிகிற மாதங்களில் தவணை நின்றுபோகும். அப்போது நோட்டீஸ் வரும்.

"பட்டம் அவன் பேருக்கு வந்தது சார்; நோட்டீஸ் என் பேருக்கு வருது" என்று நண்பர் ஒரு நாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ரோஜாவுக்கு விலை இறங்கிவிட்டது என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். பையனோ அப்பா கையால் சாப்பாடு வாங்கிச் சாப்பிடக் கூசுகிறான். தவணை தவறிய கறை இருவர் பேரிலும் படியும். நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டாலும், தோட்டத்துக்குக் கடன் கேட்டாலும் அது எதிரே வந்து நிற்கும்.

பாங்கியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அது யாரோ சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்ட பணம். திரும்பி வந்தாக வேண்டும். நான் யோசிப்பது அந்தக் கடிகாரத்தைப் பற்றி. நம் கல்விக் கடனின் கடிகாரம் காலண்டரைப் பார்த்து ஓடுகிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆயிற்றா? தவணையை எடு! பையனுக்கு வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை.

வேறு விதமான கடிகாரமும் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1974-ல் பல்கலைக்கழகக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகாமல் 1989-ல் மறுபடி கொண்டுவந்தபோது ஒரு யுக்தி செய்தார்கள். கட்டணத்தில் பெரும் பங்கைச் சர்க்கார் ஏற்கும். மீதியை மாணவன் பேரில் கடனாக எழுதிக்கொள்ளும். தகப்பனார் கையெழுத்து வேண்டாம். வட்டி என்று தனியாகக் கிடையாது. விலைவாசிக்குத் தக்கபடி தொகை ஏறும். படித்தவனின் வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகுதான் வரியோடு வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். வேலை போய்விட்டதா? பிடித்தமும் நின்றுவிடும். இங்கிலாந்திலும் இதே தத்துவம்தான். ஆனால் 1998-ல் 1,000 பவுனாகத் தொடங்கிய கட்டணம் 2012-ல் 9,000 ஆயிற்று. ஆகவே அங்கும் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. கடன் தலைக்கு மேல் ஏறிவிட்டது என்ற கூக்குரல் கேட்டு, 2025-ல் ஆஸ்திரேலியச் சர்க்கார் நிலுவையில் 20 சதவீதத்தைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இப்படி யோசித்தவர்கள் இருந்தார்கள். 1963-ல் மத்திய சர்க்கார் கடன் உதவித்தொகை என்று ஒன்று தொடங்கியது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன். படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனால், பணியாற்றும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்து வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தால் கடன் தீர்ந்தது! கடனைப் பணமாக மட்டும் அல்லாமல், வேலையாகவும் திருப்பித் தரலாம் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஆனால் கொடுத்த பணம் சரிவரத் திரும்பாமல் 1990-களின் தொடக்கத்தில் அது நின்றுபோயிற்று.

'ஆஸ்திரேலியாவில் எல்லோரும் வரி கட்டுகிறார்கள். இங்கே யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தோட்டத்து ரோஜாவின் வருமானத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சிப்காட்டில் காண்டிராக்டில் நிற்கும் பையனுக்கும் பிராவிடண்ட் பண்டு பிடிக்கிறார்கள். அவன் எந்த மாதம் வேலை செய்தான், எந்த மாதம் சும்மா இருந்தான் என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. அறுபதாவது வயதுக்காகச் சம்பளத்தைப் பார்த்துப் பிடிக்கத் தெரிந்த ராஜ்யத்துக்கு, இருபத்திரண்டாவது வயதின் கடனையும் சம்பளத்தைப் பார்த்துப் பிடிக்கத் தெரியாமல் போகாது.

பர்கூருக்குப் போன பெண் விடுமுறைக்கு வந்திருந்தபோது தன் பாங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகை அல்ல. அதிலும் பாதியைத் தம்பிக்குப் புத்தகம் வாங்கக் கொடுத்துவிட்டாளாம். யாரும் கேட்கவில்லை; அவளாகவே கொடுத்தாள். வீட்டின் பேரில் வந்திருந்தால் அது அவளிடமிருந்து எடுக்கப்பட்டதாக இருந்திருக்கும். அவள் பேரில் வந்ததால் அது அவள் கொடுத்ததாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.